காலநதியில் ஓர் ஓடம்

கேளிக்கைப் பூங்கா ஒன்றில் ஓடி ஓய்ந்த ஓர் ஓடத்தைப் பற்றி இலக்கியச் சஞ்சிகையில் விமர்சனம் எதற்கு என்று நண்பர் சிலர் கேட்கக்கூடும். நாவலுக்கும் நாடகத்துக்கும் எழுதுகின்றோம், சலனப்படத்துக்கும் எழுதுகின்றோம். ஒரு நாட்டு மக்களின் ஆயிரமாயிரம் ஆண்டு வாழ்வை ஏழெட்டு நிமிடத்திற் சொல்லி முடிக்க முற்பட்டதும், ஏறத்தாழக் கால் நூற்றாண்டாக இலட்சக்கணக்கானோருக்கு அந்நாட்டைப் பற்றிய முதற் சித்திரமாகவும் அவர்களுட் பலருக்குக் கடைசிச் சித்திரமாகவும் அமைந்ததுமான ஒரு படைப்பை, அதற்கு எழுத்துவடிவம் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக விமர்சகன் புறக்கணித்துவிட முடியாது. எமக்கோ அதனைப் பற்றி எழுத வேறொரு காரணமும் உண்டு. அது எல்ல புகையிரத நிலையத்து வாங்கொன்றில் தொடங்கியது.

சென்ற தவணை விடுமுறையில் ஒருநாட் பிற்பகல் பதுளை வண்டிக்காக அங்கே காத்திருந்தோம். வண்டி வழக்கம்போற் பிந்திவிட்டது. எமக்கருகே அமர்ந்திருந்த முதிய அமெரிக்க மாது ஒருவர் தாமும் பாடசாலை ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவர் என்று கூறவே, பேச்சு வளர்ந்தது. புளோரிடாவில் டிஸ்னி நிறுவனத்தார் நடத்தும் எப்கொட் என்னும் பூங்காவில் மெக்சிகோவுக்கென ஒரு மண்டபம் உண்டென்றும், அதனுள்ளே ‘எல் ரியோ டெல் தியெம்போ’ என்ற பெயரில் ஓர் ஓடப் பயணம் முன்பு இருந்ததென்றும் அவர் சொன்னார். ஸ்பானிய மொழியில் அத்தொடருக்குக் ‘காலநதி’ என்று பொருள். மணமான புதிதிற் கணவருடன் அதிற் சென்றாராம். பின்னர் பிள்ளைகளுடன் பலமுறை சென்றாராம். மற்றைய கேளிக்கைகளுக்கு மணிக்கணக்கில் வரிசையில் நிற்கவேண்டும். இதற்கு நிற்க வேண்டியதில்லை. உள்ளே குளிர்ச்சி, இருள், தண்ணீரின் ஓசை. அவருடைய கணவர் ஒவ்வொரு முறையும் ஓடம் புறப்பட்டதும் உறங்கிவிடுவாராம். இப்போது கணவரும் இல்லை, ஓடமும் இல்லை என்று சொல்லுகையில் அவர் கண்கள் கலங்கின.

சற்று நேரத்தின் பின், எமக்கு மகிழ்ச்சியூட்டும் நோக்குடனேயே அவர் இன்னொன்றும் சொன்னார்: “உங்கள் மலைநாட்டு வண்டி எனக்கு அந்த ஓடத்தைத்தான் நினைவூட்டுகிறது. ஆடி அசைந்து மெல்லப் போகிறது; இருட்டுக்குள் நுழைகிறது; வெளிச்சத்துக்கு வருகிறது; இரு பக்கமும் மக்கள் சிரித்துக் கையசைக்கிறார்கள்.”

அந்த இரு பக்கத்து மக்கள் யார்? எமது மாணாக்கரின் தாய்மார். அன்னார் கூறியதில் வஞ்சகம் எள்ளளவும் இல்லை. எனினும் அச்சொல் அன்றிரவு எம்மை உறங்கவிடவில்லை. பின்னர், அவ்வோடத்திற் சென்றோர் பிடித்து வைத்திருக்கும் காட்சிப் பதிவுகளைத் தேடிப் பார்த்தோம். அது மூடப்பட்டதை எண்ணி அவர்கள் எழுதிய நினைவுக் குறிப்புகளையும் படித்தோம்.

பயணம் இவ்வாறு அமைந்திருந்தது. வெளியே பண்டைய மெக்சிகோவின் கோயிற் பிரமிட்டு. உள்ளே புகுந்தால் எந்நேரமும் அந்திப்பொழுது. கூரை கண்ணுக்குத் தெரிவதில்லை, தொலைவிலே புகை கக்கும் எரிமலை, விளக்கேற்றிய கடைத்தெரு, ஆற்றங்கரையில் ஓர் உணவுச்சாலை. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் உண்போரைக் கடந்து ஓடம் இருளுக்குள் நுழைகின்றது. அங்கே மாயர், தொல்தெக்கர், அஸ்தெக்கர் எனப்படும் பண்டைக் குடியினரின் நடனங்கள் திரைகளில் ஒளிர்கின்றன. பூசகர் ஒருவர் வரவேற்கின்றார். அடுத்து விழாக்காலம். பிள்ளைப் பொம்மைகள் சுற்றிச் சுற்றி ஆடுகின்றன. எலும்புக்கூட்டு வாத்தியகாரர் இசைக்கின்றனர். தொங்கும் இனிப்புப் பானையைத் தடியால் அடிக்கும் விளையாட்டும் உண்டு. எமது உறியடிக்கு அது தூரத்து உறவு என்று எண்ணி மகிழ்ந்தோம். அதன்பின் தற்காலம்: அகாபுல்கோக் கடலிற் செங்குத்துப் பாறையிலிருந்து பாய்வோர், கடற்கரை, சந்தை. சந்தைக் காட்சியில் வியாபாரிகள் திரைக்குள் நின்றவாறே ஓடத்திலிருப்போரைக் கூவியழைத்துப் பண்டங்களை விற்க முயல்கின்றனர். ஈற்றில் ஒளியிழைகளாலான வாணவேடிக்கை. பயணிகள் இறங்கிக் கடைத்தெருவுக்கு நடக்கின்றனர். இம்முறை விற்போரும் விலையும் உண்மையானவை.

இதனை வெறும் குப்பையென்று ஒதுக்குவது எளிது. நாம் அவ்வாறு செய்யப்போவதில்லை. ஐரோப்பியர் கால் பதிக்கு முன்னரே அம்மண்ணில் நாகரிகம் ஒன்று தழைத்திருந்தது என்ற செய்தியை அது முதலிலேயே வைத்தது. இரைச்சலும் வேகமுமே இன்பமென்று போதிக்கும் இடத்தில், மெதுவாகப் போவதும் பார்ப்பதும் இன்பந்தான் என்று கருதியது. நினைவுகளை எழுதியோருட் பலர் அந்த அந்திப்பொழுதையும் நீரோசையையும் போற்றுகின்றனர். அவர்களது இரசனை பழுதானதன்று.

பழுது கதையமைப்பில் இருக்கின்றது. பண்டைக் காலத்தைக் கண்டோம், விழாவைக் கண்டோம், சந்தையைக் கண்டோம். பூசகர் வியாபாரியாக மாறியது எவ்வாறு? நடுவில் என்ன நிகழ்ந்தது? காலநதி எனப் பெயர் சூட்டிய ஒரு படைப்பிடம் இக்கேள்வியைக் கேட்பது அநியாயமாகாது. 1521இல் ஸ்பானியர் அஸ்தெக்கரின் தலைநகரைத் தகர்த்தனர். வெள்ளிச் சுரங்கங்களில் மக்கள் மாண்டனர். நிலம் பெருங்கூட்டமான உழவரிடமிருந்து சிலரது கைக்குப் போயிற்று. அந்நிலத்தை மீட்க 1910இல் புரட்சி வெடித்தது. 1938இல் அந்நிய எண்ணெய்க் கம்பனிகளை மெக்சிகோ அரசு நாட்டுடைமையாக்கியது. இவற்றுள் ஒன்றுக்கேனும் அந்த ஆற்றங்கரையில் இடமில்லை. நாம் பார்த்த பதிவுகளில் ஆடுவோர் உண்டு, பாய்வோர் உண்டு, விற்போர் உண்டு. வயலிலோ சுரங்கத்திலோ ஆலையிலோ நிற்கும் மனிதர் எவரையும் காணோம். விற்கப்படும் பானையையும் கம்பளத்தையும் யாரோ செய்திருக்க வேண்டுமல்லவா?

அவ்வோடம் முதன்முதல் ஓடிய நாள் 1982 ஒக்டோபர் 1. அதே ஆண்டு ஓகஸ்ட் மாதத்திலேதான் மெக்சிகோ தனது வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாதென்று அறிவித்தது. ஏறத்தாழ 8,000 கோடி டொலர் கடன்; கொடுத்தோரில் அமெரிக்க வங்கிகள் முன்னணியில் நின்றன. செப்டெம்பர் முதலாந் திகதி ஜனாதிபதி லோப்பெஸ் போர்த்தியோ நாட்டின் தனியார் வங்கிகளை அரசுடைமையாக்கினார். கடன்காரர் விதித்த சிக்கன நடவடிக்கைகளால் தொழிலாளரின் உண்மைக்கூலி ஆண்டுக்காண்டு தேய்ந்தது. அந்த இலையுதிர்காலத்திலேதான் புளோரிடாவிற் பொம்மை மெக்சிகோ வாணவேடிக்கையுடன் திறக்கப்பட்டது. இரண்டுக்கும் நேரடித் தொடர்பு கற்பிப்பது மிகையாகும். பொம்மை செய்தவன் கடன்பத்திரம் எழுதவில்லை. ஆயினும் அவ்வோடத்திலிருந்து இறங்கியவன் செய்தித்தாளில் மெக்சிகோ என்ற பெயரைக் கண்டபோது, அங்கே சிரித்தவர்களுக்கு இன்று என்ன நேர்ந்தது என்று கேட்பதற்கு அப்பயணம் அவனைப் பழக்கியிருந்ததா?

அதே வரலாற்றை மெக்சிகோவின் சொந்தக் கலைஞன் ஒருவன் வேறுவிதமாகச் சொல்லியிருக்கின்றான். மெக்சிகோ நகரத்துத் தேசிய மாளிகையின் பெரும் படிக்கட்டுச் சுவர்களில் தியேகோ ரிவேரா 1929 முதல் 1935 வரை தீட்டிய ஓவியங்களைக் கூறுகின்றோம். அங்கும் ஒரு பக்கச் சுவரிற் பண்டைய உலகம் இருக்கின்றது. நடுச்சுவரிற் படையெடுப்பும் அடிமைத்தனமும் விடுதலைப் போரும் புரட்சியும் ஒன்றன்மேலொன்றாக நெருக்கியடித்து நிற்கின்றன. மறுபக்கத்தில் இன்றைய ஆலைத் தொழிலாளரும் போராட்டமும். உச்சியிலே கார்ல் மார்க்ஸ் வருங்காலத்தைச் சுட்டி நிற்கின்றார். ரிவேராவும் பண்டைக் காலத்தை ஓரளவு அழகுபடுத்தியே காட்டினார் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பற்றுள்ளவனுக்கு அது இயல்பு. ஆனால் அவரது காலநதியில் இரத்தமும் வியர்வையும் கலந்திருக்கின்றன. பார்ப்பவன் அங்கே உட்கார்ந்து மிதந்து செல்லவும் முடியாது. படியேறித்தான் பார்க்கவேண்டும்.

இந்த ரிவேராவுக்கும் அந்த ஓடத்துக்கும் இடையில் ஒரு பெயர் ஒளிந்து நிற்பதைக் கண்டு வியந்தோம். 1933இல் நியூயோர்க்கின் ரொக்கபெல்லர் மாளிகையில் ரிவேரா ஒரு சுவரோவியம் தீட்டினார். அதில் லெனினின் முகம் இருந்தது. அதை அகற்றும்படி நெல்சன் ரொக்கபெல்லர் கேட்டார், ரிவேரா மறுத்தார், வேலை நிறுத்தப்பட்டு ஓவியம் மறைக்கப்பட்டது. 1934 பெப்ரவரியில் அதனை உடைத்தே நொறுக்கினர். ரிவேரா தாய்நாடு திரும்பி அதே ஆண்டில் மெக்சிகோ நகரத்து நுண்கலை மாளிகையில் அதை மீண்டும் தீட்டினார். சில ஆண்டுகள் சென்றன. உலகப் போர் வந்தது. இலத்தீன் அமெரிக்க நாடுகள் எதிரணிக்குச் சாயாமற் பார்த்துக்கொள்ள வாஷிங்டன் 1940இல் அமைத்த அலுவலகத்துக்குத் தலைவராக வந்தவர் அதே நெல்சன் ரொக்கபெல்லர். அவ்வலுவலகத்தின் ஆதரவிலேதான் 1941இல் வால்ட் டிஸ்னியும் அவரது கலைஞர் குழுவும் தென்னமெரிக்கப் பயணம் மேற்கொண்டனர். நல்லயலவர் கொள்கை என்று அதற்குப் பெயர். அந்த முயற்சியின் பேறாக வந்த சித்திரப் படங்களுள் ஒன்று, 1944இல் வெளியான ‘மூன்று கபல்லேரோக்கள்’. அமெரிக்க வாத்து, பிரேசில் கிளி, மெக்சிகோச் சேவல் ஆகிய மூவரும் தோழராகக் கூத்தடிப்பது அதன் கதை. அக்குழுவிற் சென்ற மேரி பிளேயர் என்னும் ஓவியரே 1964ஆம் ஆண்டு நியூயோர்க் உலகக் கண்காட்சியில், உலகத்துப் பிள்ளைகளெல்லாம் பொம்மைகளாக ஆடும் புகழ்பெற்ற ஓடப் பயணத்துக்கு உருவமும் நிறமும் தந்தவர். காலநதியில் ஆடிய பிள்ளைப் பொம்மைகளின் சாயல் அங்கிருந்து வந்தது.

2007 ஜனவரியிற் காலநதி மூடப்பட்டது. ஏப்ரலில் அதே நீரில், அதே வழியில் புதிய பயணம் தொடங்கியது. அதன் நாயகர்கள் அந்த மூன்று கபல்லேரோக்கள். டொனால்ட் வாத்து மெக்சிகோவெங்கும் சுற்றித் திரிகின்றது. கிளியும் சேவலும் அதைத் தேடுகின்றன. பிரமிட்டும் கடற்கரையும் சந்தையும் வாத்துக்குப் பின்னே திரைச்சீலையாகிவிட்டன.

பழைய ஓடத்துக்காகக் கண்ணீர் விடுவோரின் பக்கம் நாம் நிற்பது இவ்விடத்திலே. ஏதோ ஒன்று பறிபோய்விட்டது என்று அவர்கள் உணர்ந்தது சரியே. தம் பிள்ளைப் பருவம் போயிற்று என்று அதற்குப் பெயரிட்டனர். அரைகுறையாகவேனும் ஒரு நாட்டைப் பற்றிப் பேசிய படைப்பு போய், நிறுவனத்தின் சொந்தச் சரக்கைப் பற்றிப் பேசும் படைப்பு வந்தது என்று அவர்கள் பெயரிட்டிருக்கலாம். ஆனால் பழையதிலேயே மெக்சிகர் பேச்சற்ற பொம்மைகளாய் இருந்தபடியாற்றானே அவர்களுடைய இடத்தில் ஒரு வாத்தை வைப்பது அவ்வளவு இலகுவாயிற்று?

இடையில் ஒரு சொல். மெக்சிகோ எமக்கு எட்டாத நாடென்று வாசகர் கருதவேண்டா. லயத்து அடுப்பில் ரொட்டிக்கு அரைபடும் சம்பலின் கொச்சிக்காய் அங்கு பயிரானது. சேனையிற் காய்க்கும் சோளனும் அந்நாட்டு உழவர் பல்லாயிரம் ஆண்டு பண்படுத்தித் தந்தது. ஸ்பானியரும் போர்த்துக்கேயரும் கடல்களை வளைத்துப் பிடித்த காலத்தில் அவை இங்கு வந்து சேர்ந்தன. எந்தப் படையெடுப்பை அந்த ஓடம் சொல்லாமல் விட்டதோ, அதன் காரம் எமது நாவில் நாள்தோறும் இருக்கின்றது.

இனி எல்லவுக்கு வருவோம். கோப்பியையும் தேயிலையையும் துறைமுகத்துக்கு இறக்கவே மலைநாட்டுப் பாதை போடப்பட்டது. 1867இல் கண்டியை எட்டியது, 1885இல் நானுஓயா, 1894இல் பண்டாரவளை, பதுளையை எட்டியபோது 1924. எல்லவுக்கும் தெமோதரைக்குமிடையே கல்லாலும் செங்கல்லாலும் சீமெந்தாலும் எழுந்த ஒன்பது வளைவுப் பாலம் இன்று உலகெங்கும் படமாய்ப் பரவியிருக்கின்றது. வண்டி வரும் நேரத்திற் பாலத்தின் இரு கரையிலும் உல்லாசப் பிரயாணிகள் கைத்தொலைபேசியை உயர்த்தியபடி நிற்கின்றனர். வண்டிக்குள் இருப்போர் கதவிலே தொங்கிக்கொண்டு சரிவைப் படம் பிடிக்கின்றனர். சரிவிலே கொழுந்து பறிக்கும் பெண்கள். பாலத்தைப் பற்றிய கதை எல்லோருக்கும் தெரியும். அச்சரிவில் நிற்போரின் முன்னோர் எப்படி நடத்தி வரப்பட்டனர், 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களை எவ்வாறு நாடற்றோராக்கியது, 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் பெயரால் எத்தனை குடும்பங்கள் இதே தண்டவாளத்தின் வழியே அழுதுகொண்டு இறங்கிப்போயின என்பதை வண்டியில் யாரும் சொல்வதில்லை. ஆயிரம் ரூபா நாட்சம்பளம் என்ற கோரிக்கை பல ஆண்டுப் போராட்டத்தின் பின் 2021 மார்ச்சிலேதான் வர்த்தமானியில் ஏறியது. அதே காலத்தில் எல்லவின் விடுதிகளில் ஒரு வெள்ளைத் தேனீர்க் கோப்பையின் விலை என்ன என்பதை அங்கு பரிமாறும் எமது பழைய மாணவர்கள் அறிவர். உல்லாசப் பயணத் தொழிலால் அவர்களுக்கு வேலை கிடைத்திருக்கின்றதே என்று ஆசிரியர் அறையில் நண்பர் ஒருவர் வாதிட்டார். கிடைத்திருக்கின்றது, மறுக்கவில்லை. தோட்டத்தை விட்டு வெளியேற அவர்களுக்கு வேறு கதவு இருந்ததா என்பதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

இவ்வளவும் எழுதியபின் எமது பங்கைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. பத்தாந் தர மாணாக்கருக்கு ‘ஒரு புகையிரதப் பயணம்’ என்ற தலைப்பிற் கட்டுரை எழுதக் கொடுத்திருந்தோம். ரயில் பாதையை ஒட்டிய லயத்திலிருந்து வரும் மாணவன் ஒருவனின் கட்டுரை சிறப்பாயிருந்தது. யன்னலோரம் அமர்ந்து, பனி விலகும் மலைகளைக் கண்டு, கொழுந்து பறிக்கும் பெண்களைப் பச்சைக் கம்பளத்திற் பதித்த வண்ணமலர்கள் என்று வருணித்திருந்தான். சந்திப் பிழையில்லை, உவமை நயமுண்டு. இருபதுக்குப் பதினேழு புள்ளி இட்டோம். அவனுடைய தாயார் அச்சரிவில் நாள்தோறும் நிற்பவர் என்பது எமக்குத் தெரியும். இடுப்பிற் படங்குச் சாக்கு, முதுகிற் கூடை, காலில் அட்டை. நிறை குறைந்தால் அரைப்பேர். தெரிந்தும் அப்புள்ளியை இட்டோம். அவன் கட்டுரைத் தொகுப்பு நூலிலிருந்து எடுத்த அவ்வுவமையைச் சென்ற ஆண்டு கரும்பலகையில் எழுதிப்போட்டு, மனப்பாடம் செய்யச் சொன்னதும் நாமே. அமெரிக்க மாது வண்டியிலிருந்து கண்ட காட்சியை, லயத்துப் பிள்ளையும் வண்டியிலிருந்தே காணும்படி பழக்கிவிட்டிருந்தோம்.

சி. வி. வேலுப்பிள்ளை தேயிலைத் தோட்டத்தைப் பற்றி ஆங்கிலத்திற் பாடியதும், அதைச் சக்தி அ. பாலையா தமிழாக்கியதும் எமது மாணாக்கர் பலருக்குத் தெரியாது. மெக்சிகோவின் படிக்கட்டுச் சுவர் தொலைவிலிருப்பது. இந்நூல் எமது அலுமாரியில் இருப்பது. கட்டுரைப் பயிற்சிக்கு அது உதவாதென்று இதுகாறும் எண்ணியிருந்தோம்.

புதிய தவணை தொடங்கியதும் அம்மாணவனை அழைத்துக் கட்டுரையைத் திருப்பிக் கொடுத்தோம். புள்ளியைக் குறைக்கவில்லை, தவறு அவனுடையதன்று. வண்டியில் ஏறாமல், வீட்டு வாசலில் நின்று அதே தலைப்பில் இன்னொரு முறை எழுத முடியுமா என்று கேட்டோம். அவன் சற்றுத் தயங்கினான்; பயணம் போகாமல் பயணக் கட்டுரை எப்படி எழுதுவது, சேர், என்றான். மூன்று நாட் கழித்துக் கொண்டுவந்து தந்தான். ஒன்றரைப் பக்கம், எழுத்துப் பிழைகள் உண்டு. பனியும் இல்லை, கம்பளமும் இல்லை. காலை வண்டி பாலத்தில் ஊதினால் பிரட்டுக் கலைந்து ஆட்கள் மலைக்கு ஏறிவிட்டார்கள் என்று பொருள். அடுத்த வண்டி ஊதினால் அம்மா கூடையை மடுவத்துக்கு இறக்கும் நேரம் கிட்டிவிட்டது. வண்டி பிந்தினால் லயத்தில் எல்லோருக்கும் நேரம் தவறிப்போகும் என்று எழுதியிருந்தான். கையசைப்பதைப் பற்றியும் ஒரு வரி இருந்தது. அம்மா கையசைப்பதில்லையாம், இரண்டு கையிலும் கொழுந்து இருக்குமாம், தங்கைதான் அசைப்பாளாம்.